புத்தக விடை 2.24, என் விடை 2: பிழை யாருடையது?

கேள்வி, பிப்ரவரி 6

5, 7, 8, 9, 11 என்ற ஐந்து எண்களுக்குத் திட்டவிலக்கம் காணச் சொல்லியிருக்கிறார்கள். சராசரி 8. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 20 வருகிறது. ஐந்தால் வகுத்தால் 4. அதன் வர்க்கமூலம் 2. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 2.24 என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதே விடைப்பகுதியில் முன்பே இரண்டு பிழைகளைக் கண்டிருப்பதால் இதையும் அச்சுப்பிழை என்றே முடிவு செய்கிறேன். புள்ளியியலோ, நிகழ்தகவோ, கணக்குப்பதிவியலோ, விடைப்பகுதியைத் திறக்காமல் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 6, இரவு

மறுக்கிறேன். அச்சுப்பிழை என்று தள்ளுவதற்கு முன் இரு விடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2.24-இன் வர்க்கம் ஏறத்தாழ 5. உங்கள் விடையின் வர்க்கம் 4. உங்களிடம் இருப்பவை ஐந்து எண்கள் என்னும்போது, ஐந்துக்கு நான்கு என்ற விகிதம் தற்செயலாக வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் 20-ஐ ஐந்தால் வகுத்தீர்கள், புத்தகம் நான்கால் வகுத்திருக்கிறது; வேறொன்றும் நடக்கவில்லை. கேள்வியை மீண்டும் படித்து, "மாதிரி" (பெரிய தொகுதியிலிருந்து எடுத்த சிறு பகுதி) என்ற சொல் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிப்ரவரி 7

இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. இனி, நான்கால் ஏன் வகுக்க வேண்டும் என்ற உங்கள் அடுத்த கேள்வி.

விலக்கங்களை எழுதிப் பாருங்கள்: -3, -1, 0, 1, 3. இவற்றின் கூட்டுத்தொகை சுழி. எந்த எண்களை எடுத்தாலும் சுழியாகவே இருக்கும், ஏனெனில் சராசரியை அந்த எண்களிலிருந்தேதான் எடுத்தோம். ஆகவே முதல் நான்கு விலக்கங்களைச் சொல்லிவிட்டால் ஐந்தாவது எது என்று நான் உங்களைக் கேட்கவே வேண்டியதில்லை. ஐந்து எண்கள் இருந்தாலும் சுதந்திரமாகப் பேசுபவை நான்குதான். இன்னொரு வகையிலும் சொல்லலாம். மாதிரியின் சராசரி அந்த மாதிரிக்கு மிக நெருக்கமாக நிற்கும்படி அமைந்துவிடுவதால், அதிலிருந்து அளக்கும் விலக்கங்கள் மாதிரி எடுக்கப்பட்ட முழுமைத்தொகுதியின் உண்மையான சராசரியிலிருந்து அளந்திருந்தால் வந்திருப்பதைவிடச் சிறியனவாகவே இருக்கும். அந்தக் குறையை ஈடுகட்டவே வகுக்கும் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறோம். பெசல் என்ற செருமானிய வானியலாளரின் பெயரால் இத்திருத்தம் வழங்குகிறது.

கேள்வியில் "இந்த ஐந்தும்தான் எல்லாம்" என்றிருந்தால் உங்கள் 2 சரி. கணிப்பான்களில் இவ்விரண்டிற்கும் தனித்தனி விசைகள் உண்டு. எந்த விசையை அழுத்துகிறோம் என்று தெரியாமல் ஓர் அரையாண்டு முழுவதையும் கழித்தவன் நான்.

பிப்ரவரி 7, சற்றுப் பின்னர்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஒன்றைக் குறைத்து வகுத்தால் ஈடாகிவிடும் என்றேன். அது பரவற்படிக்கு, அதாவது வர்க்கமூலம் எடுப்பதற்கு முந்தைய எண்ணுக்கு, மட்டுமே பொருந்தும். பல மாதிரிகளை எடுத்துச் சராசரி பார்த்தால் பரவற்படி சரியாக அமையும்; வர்க்கமூலம் எடுத்த திட்டவிலக்கமோ அப்போதும் சற்றுக் குறைவாகவே நிற்கும். வீட்டுப்பாடத்தில் இதைக் கேட்க மாட்டார்கள், ஆனால் தவறாகச் சொன்னதைத் திருத்தாமல் விட மனமில்லை.

பிப்ரவரி 9

நீங்கள் அனுப்பிய நிகழ்தகவுக் கணக்கு: ஐந்து சிவப்புப் பந்துகளும் மூன்று நீலப் பந்துகளும் உள்ள பையிலிருந்து, எடுத்ததைத் திரும்ப வைக்காமல் இரண்டு பந்துகளை எடுத்தால், நிறத்துக்கு ஒன்றாகக் கிடைக்கும் நிகழ்தகவு என்ன? உங்கள் விடை 15/56, புத்தக விடை 15/28.

மீண்டும் விகிதத்தைப் பாருங்கள். சரியாக இரண்டு மடங்கு. நீங்கள் 5/8-ஐ 3/7-ஆல் பெருக்கி, முதலில் சிவப்பும் அடுத்து நீலமும் வரும் வழியை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். முதலில் நீலம், அடுத்து சிவப்பு என்ற வழி வெளியே நிற்கிறது. அதே கணக்கில் உங்களுக்கு 15/32 வந்திருந்தால், வரிசையைக் கவனித்துவிட்டீர்கள், ஆனால் எடுத்த பந்தைத் திரும்பப் பையில் போட்டுவிட்டீர்கள் என்று சொல்லியிருப்பேன். தவறான விடைகளுக்கும் கைரேகை உண்டு. பத்து மாணவர்கள் ஒரு கணக்கைத் தவறாகச் செய்தால் பத்து விதமான விடைகள் வருவதில்லை. மூன்றோ நான்கோதான் வரும்.

பிப்ரவரி 9, நள்ளிரவு

இரண்டு மடங்கு என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கணக்கிலும் இரண்டால் பெருக்கிவிட்டீர்கள். இரண்டும் சிவப்பாக இருக்கும் நிகழ்தகவு 5/8-ஐ 4/7-ஆல் பெருக்கிய 5/14 மட்டுமே. உங்கள் 5/7 தவறு. சிவப்பையும் சிவப்பையும் இடம் மாற்றினால் புதிய வரிசை ஏதும் பிறப்பதில்லை. என் விளக்கமே உங்களை வழிதவறச் செய்ததால் இந்தப் பிழையில் பாதி எனக்குச் சேரும்.

ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையேனும் தலை விழும் நிகழ்தகவு 2/3 என்று பிரான்சின் பெரும் கணிதவியலாளரான தாலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் எழுதினார். முதல் சுண்டலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என மூன்று முடிவுகளை அவர் சமமாகக் கொண்டதே காரணம். முதல் முடிவின் எடை மற்ற இரண்டில் ஒவ்வொன்றின் எடையைப் போல் இரு மடங்கு என்பதால் சரியான விடை 3/4. பின்னத்தின் பகுதியில் 3 இருக்கிறது, 4 இருக்க வேண்டும் என்பதைப் பார்த்த உடனேயே, எதைப் பிரிக்காமல் விட்டிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பிப்ரவரி 12

கணக்குப்பதிவியலில் இந்த உத்தி செல்லாது, அங்கே விடை வந்தால் வரும் இல்லாவிட்டால் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நேர்மாறாக, இதை நான் கற்றுக்கொண்ட இடமே அதுதான்.

கல்லூரி நாளில் ஓர் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) எனக்குப் பற்றுப் பக்கம் 84,360 என்றும் வரவுப் பக்கம் 83,820 என்றும் நின்றது. வேறுபாடு 540. காரணம் தெரியாத வேறுபாட்டைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் 540-ஐப் போட்டுவிட்டு உறங்கச் செல்லலாம் என்று அறைத்தோழர் அறிவுரை கூறினார். இன்று நினைத்தால் அதுவே நல்ல அறிவுரை. ஆனால் வேறுபாடு ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன என்ற விதியை அன்று காலைதான் வகுப்பில் கேட்டிருந்தேன். 820-ஐ 280 என்று எழுதிவிட்டால் வேறுபாடு 540. இலக்க வேறுபாடாகிய ஆறை 90-ஆல் பெருக்குங்கள், அதுவே வரும். 360-ஐ 36 என்று எழுதினாலும் வேறுபாடாகிய 324 ஒன்பதால் வகுபடும். எனவே 540 ஒன்பதால் வகுபட்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. பேரேட்டில் உள்ள ஒவ்வொரு தொகையிலும், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரு இலக்கங்களுக்கிடையே ஆறு வேறுபாடு இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். இரவு ஒரு மணிக்கு மேலும் தேடிக்கொண்டிருந்தேன்.

பிழை அங்கே இல்லை. பெற்ற தள்ளுபடி 270 வரவுப் பக்கத்தில் இருக்க வேண்டியது. நான் அதைப் பற்றுப் பக்கத்தில் எழுதியிருந்தேன். பக்கம் மாறிய தொகை வேறுபாட்டை இரட்டிப்பாக்கும் என்பதும் அதே காலையில் சொல்லப்பட்ட விதிதான். அதை நான் குறிப்பெடுக்கவில்லை. 270-ஐ இடம் மாற்றியதும் இரு பக்கமும் 84,090 என நின்றன.

பிப்ரவரி 13

நேற்றைய கதையை எழுதி முடித்த பின் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒன்பதால் வகுபடுவது எவ்வளவு வலிமையான சான்று? இது, சான்று கிடைத்த பின் நிகழ்தகவு எப்படி மாறுகிறது என்று காட்டும் பேயிஸ் தேற்றக் கணக்கு. நீங்கள் அடுத்த வாரம் படிக்கப்போகும் பாடம் என்பதால் இங்கேயே செய்துவிடுகிறேன்.

இருப்பாய்வைக் குலைக்கும் 36 பிழைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 9, இலக்கம் இடம் மாறியவை என்று கொள்வோம். (நான் எண்ணிப் பார்த்துச் சொல்லும் பங்கன்று, கணக்குக்காக வைத்துக்கொண்டது.) அந்த ஒன்பதும் தவறாமல் ஒன்பதால் வகுபடும். எஞ்சிய 27 பிழைகளில் வேறுபாடு எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்றால், ஒன்பதில் ஒன்று, அதாவது 3, தற்செயலாக வகுபடும். ஆக வகுபடுபவை 12. அவற்றுள் உண்மையிலேயே இலக்கம் மாறியவை 9. நிகழ்தகவு 1/4-இலிருந்து 3/4-ஆக உயர்கிறது. நல்ல சான்று, ஆனால் நான்கில் ஒரு முறை ஏமாற்றும்.

பக்கம் மாறிய தொகை வேறுபாட்டை இரட்டிப்பாக்குவதால் வேறுபாடு இரட்டை எண்ணாக வரும் என்ற சோதனை இதைவிட மிகவும் பலவீனமானது. பக்கம் மாறியவை நான்கில் ஒன்று என்று கொண்டு 72 பிழைகளை எடுத்தால், 18 நிச்சயமாக இரட்டை; எஞ்சிய 54-இல் பாதியாகிய 27-உம் இரட்டையாக இருக்கும். 45-இல் 18 என்பது 2/5. இரட்டை எண்கள் எங்கும் நிறைந்திருப்பதால் அது பெரிதாக எதையும் சொல்வதில்லை.

பிப்ரவரி 13, மாலை

540 இரண்டு சோதனைகளிலும் தேறும் எண் என்பதை மேலே விட்டுவிட்டேன். 72 பிழைகளில் இலக்கம் மாறியவை 18, பக்கம் மாறியவை 18, மற்றவை 36 என்று கொண்டால், 18-ஆல் வகுபடும் வேறுபாடு முதல் வகையில் 9, இரண்டாம் வகையில் 2, மூன்றாம் வகையில் 2. பதின்மூன்றில் ஒன்பது இலக்கம் மாறியவற்றுக்கே சேரும். (பத்தாம் இலக்கமும் நூறாம் இலக்கமும் மாறினால் வேறுபாடு எப்போதும் இரட்டை என்பதால், உண்மையில் ஒன்பதுக்கும் மேல்.) ஆக, அன்றிரவு நான் தேடத் தொடங்கிய திசை தவறன்று. எனக்கு வாய்த்தது துரதிர்ஷ்டம் மட்டுமே என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் நிறுவியதில் சிறு நிம்மதி.

எனினும் ஒரு முட்டாள்தனம் எஞ்சியிருக்கிறது. 540-இல் பாதியாகிய 270 என்ற ஒற்றைத் தொகை ஏட்டில் எங்கேனும் உள்ளதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். இலக்க வேறுபாட்டைத் தேடுவதற்கோ எல்லாத் தொகைகளையும் துருவ வேண்டும். நிகழ்தகவு குறைவாக இருந்தாலும் செலவு மிகக் குறைவான சோதனையை முதலில் செய்திருக்க வேண்டும். தொலைந்த சாவியைத் தேடுபவர், வழக்கமாக வைக்கும் பெட்டியைக் குடையத் தொடங்குவதற்கு முன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதில்லையா?

பிப்ரவரி 16

மூன்று பாடங்களுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்ற உங்கள் குறைக்கு ஒரு பழைய விடை உண்டு. ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றிலும் வரவிலும் எழுதும் இரட்டைப்பதிவு முறையின் தந்தை எனப்படும் லூக்கா பசியோலி என்ற துறவியின் கணித நூல் 1494-இல் வெனிஸ் நகரில் அச்சானது. அதைச் சுருக்கமாகச் "சும்மா" என்பார்கள். சிரிக்க வேண்டாம், இலத்தீனில் அதற்குத் தொகுப்பு என்று பொருள். பற்றும் வரவும் விளக்கப்பட்ட அதே நூலில், பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கணக்கும் இருக்கிறது. அதற்கு அவர் தந்த விடை தவறு.

எண்களை நானே அமைத்துக்கொள்கிறேன். முதலில் நான்கு சுற்றுகளை வெல்பவருக்கு 64 நாணயங்கள். ஒருவர் 3, மற்றவர் 1 வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. வென்ற சுற்றுகளின் விகிதத்தில் பிரிக்க வேண்டும் என்பது பசியோலியின் முறை; அதன்படி 48-உம் 16-உம் கிடைக்கும். 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வழியே கண்ட முறையோ, இனி நடக்கக்கூடியதைப் பார்க்கிறது. பின்தங்கியவர் வெல்ல வேண்டுமானால் அடுத்த மூன்று சுற்றுகளையும் தொடர்ந்து வெல்ல வேண்டும். அதன் நிகழ்தகவு 1/8. ஆகவே அவருக்கு 8, முன்னிலையில் இருப்பவருக்கு 56.

நடந்து முடிந்ததைப் பதிவு செய்வதில் தேர்ந்த ஒருவர், நடக்கவிருப்பதையும் அதே ஏட்டைப் பார்த்தே பிரித்தார் என்று இதைப் படிக்க எனக்குப் பிடிக்கும். ஒரு சுற்று மட்டும் முடிந்து ஆட்டம் நின்றால் அவர் முறைப்படி முழுப் பணமும் ஒருவருக்கே போய்விடும் என்று தார்த்தாலியா 1556-இல் மறுத்தார்; அவராலும் சரியான விடையைத் தர இயலவில்லை.

பிப்ரவரி 17

"தந்தை" என்று எழுதியது தளர்வான பேச்சு. பசியோலி அம்முறையைக் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கையாண்டதை எழுதி அச்சேற்றினார். பெனதெத்தோ கொத்ருல்யி என்பவர் 1458-இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார், ஆனால் அவர் எழுதியது 1573-இல்தான் அச்சானது. நேரத்தில் வீட்டுப்பாடத்தை முடித்தும் ஒப்படைக்கத் தாமதித்தவர்களுக்கு அவர் காவல் தெய்வமாக இருக்கத் தக்கவர்.

பிப்ரவரி 20

விடைப்பகுதிக்கு ஆதரவாகவே இதுவரை எழுதிவந்தேன், இப்போது எதிராக.

விடை ஒத்துப்போனால் வழியும் சரி என்று பொருளில்லை. 16/64 என்ற பின்னத்தில் மேலும் கீழும் உள்ள 6-ஐ அடித்துவிட்டால் 1/4 கிடைக்கும், அது சரியான விடையும்கூட. கணக்குப்பதிவியலில் இதற்கு ஈடுசெய் பிழை என்று பெயரே வைத்திருக்கிறார்கள்: வாடகையில் 100 குறைத்தும் சம்பளத்தில் 100 கூட்டியும் எழுதினால் இருப்பாய்வு அழகாகப் பொருந்தும். இயந்திரம் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் எழுதும் விதிப்பிழையையும் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. ஆகவே என் பரிந்துரை, வேறுபாடு இருக்கும்போது மட்டுமே விடைப்பகுதி பேசுகிறது என்பதாகும். ஒத்துப்போகும்போது அது பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது.

அதைவிட மோசமானது, விடையைப் பார்த்துக்கொண்டே வழியை வளைப்பது. முதலாண்டில் நான் செய்த தேய்மானக் கணக்கு ஒன்றில் 10,000 மதிப்புள்ள பொருளுக்கு, 10 விழுக்காட்டில் மூன்றாண்டு இறுதி மதிப்பு 7,290 என்று புத்தகம் சொன்னது; எனக்கு 7,000 வந்தது. ஒவ்வோராண்டும் 1,000 குறைத்திருந்தேன். குறைந்து செல் மதிப்பின் மீது கணக்கிட்டால் 1,000, 900, 810 என்று வரும் என்பதை அறியாமல், கிடைக்காத 290-ஐ "எஞ்சிய மதிப்புச் சரிக்கட்டல்" என்று நானே ஒரு பெயர் சூட்டி எழுதி வைத்தேன். திருத்திய ஆசிரியர் அந்தப் பெயரை வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

பிப்ரவரி 22

முதல் கணக்கின் அதே ஐந்து எண்கள் நம்பிக்கை இடைவெளிப் பாடத்தில் (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லைகளைக் காண்பது) மீண்டும் வந்திருக்கின்றன என்கிறீர்கள். உங்கள் விடை 6.04 முதல் 9.96 வரை, புத்தகம் 5.22 முதல் 10.78 வரை.

திட்டவிலக்கத்தில் இம்முறை நீங்கள் தவறவில்லை: ஐந்தின் வர்க்கமூலத்தை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை (மாதிரிச் சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு) சரியாக 1. எனவே 8-இலிருந்து உள்ள தூரமே பெருக்கிய எண்ணைக் காட்டிவிடுகிறது. நீங்கள் 1.96-ஆல் பெருக்கினீர்கள், அது இயல்நிலைப் பரவலின் எண், புத்தகம் 2.776-ஆல் பெருக்கி இரண்டு தசமங்களுக்குத் திருத்தியிருக்கிறது, அது நான்கு சுதந்திர விலக்கங்களுக்கான டி-பரவலின் எண். பிப்ரவரி 7-இல் பேசிய அதே நான்கு. முழுமைத்தொகுதியின் திட்டவிலக்கம் தெரியாமல் ஐந்தே எண்களிலிருந்து அதை ஊகிக்கும்போது, அந்த ஊகமே ஆட்டம் காணும். அதற்காக இடைவெளியை அகலமாக்க வேண்டியிருக்கிறது.

இப்பரவலை 1908-இல் வெளியிட்டவர் மதுவடிப்பு ஆலையொன்றில் பணியாற்றிய காசெட். தம் பெயரில் வெளியிட நிறுவனம் இடந்தராததால் அவர் "மாணவர்" என்ற புனைபெயரில் எழுதினார். இன்றும் அதை மாணவரின் டி என்றே அழைக்கிறோம். மாணவர் பெயரில் ஒரு பரவல் இருக்கும்போது மாணவர்களே அதை மறப்பது நியாயமன்று.

பிப்ரவரி 25

புதிய இருப்பாய்வில் வேறுபாடு 63, தொகைகள் எல்லாம் முழு எண்கள், விடைப்பகுதியில் இறுதி மொத்தம் மட்டுமே உள்ளது, சரி.

63 ஒற்றைப்படை என்பதால் ஒரே ஒரு தொகை பக்கம் மாறியிருக்க வழியில்லை. ஒன்பதால் வகுபடுகிறது, ஏழு முறை. கடைசி இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் அவற்றுக்கிடையே ஏழு வேறுபாடு இருக்க வேண்டும்: 70, 81, 92 அல்லது அவற்றின் தலைகீழ் வடிவங்களில் முடியும் தொகைகளை மட்டும் பாருங்கள். 63 என்ற தொகையே எங்கேனும் முழுதாக விடுபட்டிருக்கிறதா என்பதை அதற்கும் முன் பாருங்கள், ஏனெனில் அது இரண்டு நிமிட வேலை. பந்தயம் கட்டச் சொன்னால் 92-க்கும் 29-க்கும் கட்டுவேன், கையெழுத்தில் 9-உம் 2-உம் அடிக்கடி முந்திக்கொள்ளும்.

பிப்ரவரி 26

வங்கிக் கட்டணம் 70, பேரேட்டில் 7 என்று ஏறியிருந்ததா? பந்தயத்தில் தோற்றேன். எட்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன். என் 540 எடுத்துக்கொண்ட நேரத்தை மறுபடியும் கேட்க வேண்டாம்.